பதினோராம் வளைவின் தண்ணீர்

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 13ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்கு, அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைச்சாலையின் பதினேழாம் கொண்டை ஊசி வளைவில், எங்கள் காரின் வெப்பமுள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. காரில் மூவர் இருந்தோம். ஓட்டியவர் செம்மநத்தத்துக்காரரான நல்லமுத்து. பின் இருக்கையில் என் தங்கை மரியபுஷ்பம், சேலத்து மருத்துவமனை ஒன்றில் நான்கு மணி நேர டயாலிசிஸை முடித்துக்கொண்டு, தன் தலையணையில் சாய்ந்திருந்தாள். முன் இருக்கையில் நான். வானம் மூடியிருந்தது, மழை இல்லை. நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்துக் குறித்துக்கொண்டேன்.

கார் 2009ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வெள்ளை நிறம், பெட்ரோல் வண்டி. எங்களுக்கு முன் அதை இருவர் வைத்திருந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் புஷ்பத்தின் சிறுநீரகங்கள் கைவிட்டபோது அதை வாங்கினேன். செவ்வாயும் வெள்ளியும் அவள் கீழே போய் வந்தாக வேண்டும். கார் வருமுன் பேருந்தில் ஒருமுறை அனுப்பினேன். திரும்பும் வழியில் ஒன்பதாம் வளைவில் மயங்கி, அறிமுகமில்லாத ஒரு பெண்ணின் மடியில் சரிந்தாள். அதன் பிறகு பேருந்தைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. என் முழங்கால்கள் மருத்துவமனை பெஞ்சில் நான்கு மணி நேரம் மடங்கியிருக்க ஒத்துக்கொள்ளாதவை. ஆகவே நல்லமுத்துவும் அவளும் மட்டுமே போய் வருவார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை நான் போனதற்குக் காரணம், டயாலிசிஸ் பிரிவின் ஜெயபிரகாஷ் தொலைபேசியில் அழைத்து, வீட்டில் பொறுப்பானவர் ஒருவர் நேரில் வர வேண்டும் என்று சொன்னதுதான்.

அவர் ஓர் அட்டவணையை என் முன்னால் வைத்தார். ஒவ்வொரு முறையும் புஷ்பம் வரும்போது இருந்த எடை, போகும்போது இருந்த எடை. இரண்டுக்கும் இடையில் இருக்க வேண்டிய வித்தியாசத்தைவிட, ஜூன் மாதம் தொடங்கி, இரண்டு கிலோ கூடுதல், இரண்டரை கிலோ கூடுதல், இப்போது மூன்று.

“ஊட்டுல தண்ணிய யாருங்கம்மா அளக்கறது?” என்றார்.

“நான்.”

“எவ்வளவுங்க?”

“ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி. காப்பி, ரசம், மாத்திரைக்குக் குடிக்கறது, எல்லாம் சேர்த்து.”

“அப்படின்னா கணக்கு எங்கியோ ஒதைக்குதுங்க.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இப்படியே போச்சுன்னா நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். அப்புறம் ஆத்துக்கோ கெணத்துக்கோ போகத் தேவையில்லீங்க. உக்காந்த எடத்துலயே முழுகிப் போயிருவாங்க.”

நான் ஒரு காப்பி எஸ்டேட்டில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ரைட்டராக இருந்தவள். ஆள் வருகை, பழத்தின் எடை, உரத்தின் அளவு, அனைத்தும் என் ஏட்டில் ஏறியே வெளியே போகும். காலை ஏழு மணிக்கு மழைமானியைத் திறந்து, முந்திய நாளின் மழையை அளந்து எழுதுவதும் என் வேலை. என் அளவை இதுவரை ஒருவரும் மறுத்ததில்லை. “முதல்ல உங்க எடை மெஷினைச் சரி பாருங்க” என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அவர் சிரிக்கவுமில்லை, கோபித்துக்கொள்ளவுமில்லை. அட்டவணையின் நகல் ஒன்றை மடித்து என் கையில் கொடுத்தார். அந்தப் பொறுமை எனக்குப் பிடிக்கவில்லை.

இனிப் பதினோராம் வளைவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே பாறையிலிருந்து ஓர் ஊற்று கசிகிறது. யாரோ ஒரு காலத்தில் அதில் இரும்புக் குழாய் ஒன்றைச் செருகி வைத்திருக்கிறார்கள். குழாயின் கீழே குங்குமம் பூசிய கல் ஒன்று. மேலே ஏறும் வண்டிக்காரர்களில் பாதிப் பேர் அங்கே நிறுத்தி, முதல் கையளவு தண்ணீரைக் கல்லுக்கு விட்டு, அடுத்ததை ரேடியேட்டருக்கு ஊற்றி, கடைசியில் தங்கள் முகத்தைக் கழுவுவார்கள். மலைத் தண்ணீர்தான் மலை ஏறும் வண்டிக்கு ஒத்துக்கொள்ளும் என்பது இங்கே பரவலான நம்பிக்கை. ஞாயிறுதோறும் மாதா கோயிலுக்குப் போகும் நான் அந்தக் கல்லைப் பற்றிக் கருத்துச் சொன்னதில்லை. ஆனால் தண்ணீர் ஊற்றுவதை ஒரு விதியாக்கினேன். ஐந்து லிட்டர் கேன் ஒன்றை வாங்கி, அரை லிட்டருக்கு ஒரு கோடாகப் பெயிண்டில் இழுத்துக் கொடுத்தேன். திரும்பும் வழியில் நிறுத்த வேண்டும். கால் மணி நேரம் எஞ்சின் ஆற வேண்டும். கேனை நிரப்பி ஊற்ற வேண்டும். கேனில் எவ்வளவு குறைந்தது என்பதைக் கோடு பார்த்து நோட்டில் எழுத வேண்டும். நல்லமுத்து ஒரு நாளும் தவறாமல் எழுதினார்.

ஏப்ரலில் அரை லிட்டர். மே மாதத்தில் ஒன்று. ஜூனில் இரண்டரை. ஜூலையில் மூன்று. ஆகஸ்டின் முதல் இரண்டு வெள்ளிகளிலும் மூன்றரை. நான் நிறைய ஏடுகளைப் படித்தவள். மழையானாலும் காய்ச்சலானாலும், ஒருமுறைகூட இறங்காமல் ஏறிக்கொண்டே போகும் எண்கள் நல்லதில் முடிந்து நான் பார்த்ததில்லை. காரை நிறுத்தும் இடத்தில், சிமெண்டுத் தரையில், ஒரு சொட்டு ஈரமும் கிடையாது. அவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது என்று இரண்டு மாதங்களாக என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நல்லமுத்து பதினோராம் வளைவில் நிறுத்தவில்லை. கண்ணாடியில் பின் இருக்கையை ஒருமுறை பார்த்தார், கியரை மாற்றினார், குழாய் எங்களைக் கடந்து போயிற்று.

“ஏன் நிறுத்தலை?”

“இன்னிக்கு வேண்டாமுங்க ரைட்டரம்மா. மானம் மூடிக்கெடக்குது. வண்டி சில்லுன்னுதான் இருக்குதுங்க.”

திரும்பிப் பார்த்தேன். புஷ்பத்தின் கண்கள் மூடியிருந்தன. ஆனால் அவள் உறங்கவில்லை. உறங்குகிறவள் கீழ் உதட்டை நாக்கால் தடவிக்கொண்டே இருக்கமாட்டாள்.

பதினேழாம் வளைவில் முன்புறத்திலிருந்து ஆவி எழுந்தது. நாற்பது நிமிடங்கள் ஓரமாக நின்றோம். கைப்பிடிச் சுவரின்மேல் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து, எங்களிடம் உணவு ஏதுமில்லை என்று தெரிந்தபின்னும் போகாமல் பார்த்துக்கொண்டிருந்தன. மூடுபனி கீழிருந்து ஏறி வந்தது. எஞ்சின் அணைந்ததும், அதுவரை அதன் ஓசையில் மறைந்திருந்த இன்னோர் ஒலி கேட்டது. அது புஷ்பத்தின் மூச்சு. நான்கு மணி நேரம் நீரை வடித்துவிட்டு வந்த பிறகும், கொதிக்கத் தொடங்கும் பாத்திரத்தைப்போல், உள்ளே எங்கோ மெல்லிய சலசலப்பு. மலையின் குளிர் என்று இரண்டு மாதமாக நான் சொல்லிவந்த இருமல் அதற்கு மேல்.

மெதுவாக ஓட்டி, இரண்டு இடங்களில் நிறுத்தி, ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்குக்குப் பக்கத்தில், மெக்கானிக் கமலக்கண்ணனின் பட்டறையில் வண்டியை விட்டோம். வியாழன் சுதந்திர தினம்; தொடர்ந்து வார இறுதி. மலையில் இருந்த வாடகைக் கார்கள் எல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்குப் பேசி முடிந்துவிட்டன என்று, ஐந்து இடங்களில் கேட்டுவிட்டு நல்லமுத்து வந்து சொன்னார். வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்குள் இந்தக் கார் ஓட வேண்டும். இல்லாவிட்டால் புஷ்பத்தின் உடம்பில் சேர்வது சேர்ந்தபடியே இருக்கும்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு நோட்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். கமலக்கண்ணன் ஐம்பது வயதுக்காரர். பேச்சு நிற்காது, கையும் நிற்காது. நோட்டைக் கடைசிப் பக்கம்வரை புரட்டினார்.

“ஏனுங்க ரைட்டரம்மா, ஒரு நடைக்கு மூணரை லிட்டருங்களா? நீங்க வாங்குனது காருங்களா, ஒட்டகமுங்களா?”

“வேடிக்கை அப்புறம். தண்ணி எங்க போகுதுன்னு சொல்லுங்க.”

“மூணே வழிதானுங்க. ஒண்ணு வெளிய ஒழுகோணும். ரெண்டாவது ஆயிலுக்குள்ள எறங்கோணும். மூணாவது நெருப்புக்குள்ள போயி ஆவியாகோணும். நாலாவது வழி கெடையாதுங்க.”

அவர் வேலை செய்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. முந்திய மாலையே வண்டியின் அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வைத்திருந்தார். அதை இழுத்துக் காட்டினார், காய்ந்திருந்தது. எஞ்சின் ஆயிலை அளக்கும் குச்சியை உருவினார். தண்ணீர் கலந்திருந்தால் பால் விட்ட டீயின் நிறத்தில் இருக்குமாம். கறுப்பாக, தெளிவாக இருந்தது. ரேடியேட்டரில் குறைந்திருந்த தண்ணீரை அளந்து ஊற்றினார். முக்கால் லிட்டர்தான் பிடித்தது. மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டு, நீரின் மேல் குமிழி வருகிறதா என்று இருவரும் குனிந்து பார்த்தோம். வரவில்லை. புகைக்குழாயின் அருகில் கையை வைத்து மோந்து பார்த்தார். வெள்ளைப் புகை இல்லை.

பின்னர், சூடு ஏறியதும் எஞ்சினுக்குள் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினார். பட்டறைக்குப் பின்னாலேயே அவர் வீடு. உள்ளே போய் ஒரு சிறிய சட்டியைக் கொண்டுவந்து, அதில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்தத் துண்டைப் போட்டார். வாசலில் வந்து நின்ற அவர் மனைவி அமுதவல்லி, “டீச் சட்டியில எதைப் போட்டு வேகவைக்கறீங்க? இன்னிக்கு உங்களுக்கு மட்டும் அந்தச் சட்டியிலதான் டீ” என்று சொல்லிவிட்டுப் போனார். கொதித்த நீரில் அந்தச் சிறு கதவு, வாய் திறப்பதுபோல், மெதுவாகத் திறந்துகொண்டது. அதிலும் குறையில்லை.

அதைத் திரும்பப் பொருத்தி, எஞ்சினைச் சூடேற்றி, கடைசியில் ரேடியேட்டரின்மேல் கையை வைத்தார். மேல்பாதியில் வைத்த கையை உடனே எடுத்தார். கீழ்ப்பாதியில் வைத்த கை அங்கேயே இருந்தது. “வெச்சுப் பாருங்க” என்றார். வைத்தேன். மேலே கொதிப்பு, கீழே பிணத்தைத் தொட்டதுபோல் குளிர்ச்சி.

கழற்றி, அதன் அடித்தொட்டியைப் பிரித்துக் காட்டினார். தண்ணீர் ஓட வேண்டிய மெல்லிய குழல்களில் முக்கால்வாசி, துருவும் செம்மண்ணும் இறுகி அடைந்துகிடந்தன. “இது பூரா அந்த ஊத்துத் தண்ணிங்க. கல்லுக்குள்ளயிருந்து வர்ற தண்ணியில இரும்பும் சுண்ணாம்பும் நொம்ப. குடிக்க இனிக்கும், வண்டிக்கு வெசம். எந்தப் புண்ணியவானுங்க இதை ஊத்தச் சொன்னது?”

விதி என்னுடையது. கேனில் கோடு இழுத்த கையும் என்னுடையது. வண்டி கொதித்ததற்குக் காரணம் தெரிந்துவிட்டது. தெரியாதது இன்னொன்று.

“சரி. மூணரை லிட்டர்?”

கமலக்கண்ணன் கையைத் துணியில் துடைத்தார். முதல்முறையாக அவர் பேச்சில் தயக்கம் வந்தது. “வெள்ளிக்கிழமைக்கு அப்புறம், நேத்துப் பொங்கிப் போனதையும் சேத்தே முக்கா லிட்டருதானுங்க கொறைஞ்சிருக்குது. ஒரு நடைக்கு அரை லிட்டருக்கு மேல இது எடுக்காதுங்க. மிச்சத்தை வண்டி குடிக்கலீங்க ரைட்டரம்மா.”

நல்லமுத்து வாசற்காலில் சாய்ந்து நின்றிருந்தார். நான் திரும்பிப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

“நான் பொய் எழுதலீங்க” என்றார். “கேன்ல என்ன கொறஞ்சுதோ அதத்தானுங்க எழுதினேன். அவங்க கெஞ்சறாங்க. ‘நல்லமுத்து, ஒரு வாய், ஒரே ஒரு வாய்’ங்கறாங்க. எங்கம்மா சாகறப்ப இப்படித்தானுங்க கேட்டுச்சு. டாக்டரு கூடாதுன்னாரு, நாங்களும் குடுக்கல. குடுக்காமயே போயிருச்சு. அதுக்கப்பறம் யாரு தண்ணி கேட்டாலும் என்னால இல்லைன்னு சொல்ல முடியறதில்லீங்க.”

“ஒரு வாயா?”

“கேன்ல புடிச்சுத்தானுங்க குடுப்பேன். குழாய்க்கிட்டயே ஒரு லிட்டரு குடிப்பாங்க. அப்புறம் ஒரு லிட்டரு பாட்டலு ரெண்டு ரொப்பிக்குவாங்க. தலகாணி உறைக்குள்ளங்க.”

நோட்டையும் ஜெயபிரகாஷ் கொடுத்த நகலையும் முழங்கால்மேல் வைத்து ஒப்பிட்டேன். மூன்றரையில் வண்டிக்கு அரை போக, மூன்று லிட்டர். மூன்று லிட்டர் என்றால் மூன்று கிலோ. தேதிக்குத் தேதி, வரிக்கு வரி. முப்பத்து நான்கு ஆண்டுகளில் இவ்வளவு பிசகின்றிப் பொருந்திய இரண்டு ஏடுகளை நான் பார்த்ததில்லை. நாலாவது வழி ஒன்று இருந்திருக்கிறது. அது என் தங்கையின் உடம்பு.

வீட்டுக்குப் போனபோது மாலை வெளிச்சம் இருந்தது. புஷ்பம் கட்டிலில் மூன்று தலையணைகளை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று ஆடி பிறந்ததிலிருந்தே அப்படித்தான். கணுக்கால்கள் வீங்கிப் பளபளத்தன. நான் நோட்டை அவள் மடியில் வைத்தேன். அவள் பிரிக்கவில்லை.

“பட்டறைக்காரர் கண்டுபிடிச்சுட்டாருங்களா?” என்றாள்.

“கண்டுபிடிச்சுட்டார்.”

“கெட்டிக்காரர். இத்தனை நாளா ஆஸ்பத்திரியில ஒருத்தரும் கண்டுபிடிக்கலை.” சிரித்தாள், சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. “கார் சுட்டா ஊரே எறங்கி ஊத்தறீங்க. எனக்குச் சுட்டா மட்டும் டம்ளருக்குக் கோடு போடறீங்க. அதென்ன நியாயமுங்கக்கா?”

“செத்துப்போயிருவே, புஷ்பம். நெஞ்சுக்குள்ள தண்ணி கட்டிச் செத்துப்போயிருவே. ஜெயபிரகாஷ் சொல்லிட்டார்.”

“எனக்கும் சொன்னாருங்க.” சன்னலுக்கு வெளியே பார்த்தாள். சில்வர் ஓக் மரங்களின் நுனிகள் பனிக்குள் மறைந்திருந்தன. இலைகளிலிருந்து ஓடுமேல் சொட்டிக்கொண்டிருந்தது. “நீங்க மழையையே அளந்தவங்க. தாகத்தை அளந்ததில்லை. நாலு மணி நேரம் அந்த மெஷின் எல்லாத்தையும் உறிஞ்சி எடுக்கும். நாக்கு மரக்கட்டை மாதிரி ஆயிரும். பல்லைக் கடிச்சுட்டுப் பத்து வளைவு வருவேன். பதினோராவதுல அது இருக்குதுன்னுதான் நான் செவ்வாயும் வெள்ளியும் கீழ போறதே. அது இல்லைன்னா, வண்டியைச் சரி பண்ண வேண்டாமுங்கக்கா. கமலக்கண்ணன்கிட்டச் சொல்லிருங்க.”

அவள் மிரட்டவில்லை. மிஷன் பள்ளி விடுதியில் இருபது ஆண்டுகள் நூறு பிள்ளைகளுக்குச் சமைத்தவள். அரிசி தீர்ந்தால் தீர்ந்தது என்று சொல்லும் அதே குரலில்தான் சொன்னாள். தலையணை உறைக்குள் கையைவிட்டேன். ஒரு பாட்டில் காலியாகவும், மற்றது கால்வாசியுடனும் இருந்தன. கால்வாசித் தண்ணீரை வெளியே கொண்டுபோய்ச் செடிக்கு ஊற்றினேன். சன்னல் வழியாக அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதைத் திரும்பிப் பார்க்காமலே அறிந்தேன்.

வியாழக்கிழமை, கொடியேற்றத்துக்குப் போய்வந்த சட்டையோடே கமலக்கண்ணன் வேலையில் இறங்கினார். சேலத்திலிருந்து வரவழைத்த ரேடியேட்டரைப் பொருத்தி, எஞ்சினின் உட்புறத்தை மும்முறை கழுவி, எஞ்சினைக் குளிர்விக்கும் பச்சை நிறக் கூலண்டை ஊற்றி மூடியை இறுக்கினார். “இனிமே இதைத் தொறக்கவே வேண்டாமுங்க. மூடுன வண்டி. உள்ள இருக்கறது உள்ளயே சுத்தும்” என்றார். வண்டியின் அடியில் விரித்திருந்த அட்டையையும் மடித்து டிக்கியில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை மூவரும் போனோம். ஜெயபிரகாஷிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். எடை இயந்திரத்தைப் பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அவர் புஷ்பத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: “அடியோட நிறுத்தினா, இவங்க வர்றதையே நிறுத்திருவாங்க. அளந்து குடுங்க, அன்னிக்கி அளவுல கழிச்சுக்குங்க. ஆனா நெஞ்சுல ஏற்கெனவே சத்தம் இருக்குதுங்கம்மா. நொம்ப நாள் விளையாட முடியாது.”

திரும்பும்போது பதினோராம் வளைவில் நிறுத்தச் சொன்னேன். நல்லமுத்து எஞ்சினை அணைத்தார். முள் நடுவில் அசையாமல் நின்றது. அந்த வாரம் மலையுச்சியில் பெய்த மழையால், குழாயிலிருந்து தண்ணீர் கையளவு தடிமனில் விழுந்து, கல்லின் குங்குமத்தைக் கரைத்து, சாலையின் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. நான் டம்ளரைக் கோடுவரை பிடித்துக் கொடுத்தேன். நூறு மில்லி. புஷ்பம் அதைக் குடித்த விதத்தை எழுத எனக்கு மனமில்லை. பிறகு, “முகம் கழுவிக்கறேனுங்க” என்றாள். அனுமதித்தேன். கழுவிவிட்டுச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

பதிமூன்றாம் வளைவில் தற்செயலாகக் கண்ணாடியைப் பார்த்தேன். அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டி, வாய்க்குள் வைத்திருந்தாள். அது முகம் துடைத்த ஈரமில்லை. குழாயின் அடியில் பிடித்து நனைத்ததில் தலைப்பு சொட்டியது. கன்னங்கள் உள்வாங்கி உள்வாங்கி விரிந்தன. கண்ணாடியில் நல்லமுத்துவின் கண்களும் அதைப் பார்த்தன. நாங்கள் இருவரும் அதே நொடியில் பார்வையை இறக்கி, வெப்பமுள்ளைப் பார்த்தோம். அது நடுவிலேயே இருந்தது. வீடு சேரும்வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தோம்.

முடிவானது இது. செவ்வாயும் வெள்ளியும் நானும் உடன் போவேன். பதினோராம் வளைவில் வண்டி நிற்கும். ரேடியேட்டரின் மூடியை யாரும் தொடக் கூடாது. புஷ்பத்துக்கு என் கையால் நூறு மில்லி, அன்றைய எழுநூறில் கழித்துக்கொள்ளப்படும். கேன் நல்லமுத்துவின் வீட்டுக்குப் போய்விட்டது. தலையணைக்கு உறை இல்லை. சேலைத் தலைப்பைப் பற்றி எதுவும் முடிவு செய்யப்படவில்லை.

காலை ஏழு மணிக்கு, பழைய பழக்கத்தில், வெளியே போய், வண்டியின் அடியில் இரவில் விரித்து வைத்த அட்டையை இழுத்துப் பார்க்கிறேன். இன்றுவரை காய்ந்தே இருக்கிறது. உள்ளேயிருந்து இருமல் கேட்கிறது.